நீலாவதியின் கால் அச்சு

நீலாவதியின் காலுக்கு அச்சு போட்டவன் அவள் புருஷன் விருத்தகிரிதான். வேறு யாரும் அதைச் செய்திருக்க முடியாது. விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் அச்சுக்குப் பிளாஸ்டர் கரைக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். கரைத்த பிளாஸ்டரை விரலால் தொட்டு, இன்னும் எத்தனை நிமிஷத்தில் இறுகும் என்று சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்.

அறுபத்தெட்டாம் வருஷம், சித்திரை பாதி தாண்டியிருந்தது. சூளை அடுக்கும் நாள். ஃப்யூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, பொம்மை எதுவானாலும் நேரடியாக நெருப்பில் வைப்பதில்லை. மண்பெட்டிக்குள் வைத்து, பெட்டிமேல் பெட்டியாகச் சூளைக் கூரை வரை அடுக்குவார்கள். பெண்கள் சும்மாட்டின்மேல் பெட்டியைச் சுமந்து வாசலுக்கு வருவார்கள். வாசல் ஒடுக்கம். உள்ளே இருட்டு. சுமப்பவள் "வருது" என்பாள். உள்ளே நிற்கும் மேஸ்திரி சக்கரபாணி இரண்டு கையாலும் பெட்டியைப் பற்றியதும் "வுடு" என்பார். அந்தச் சொல் வராமல் யாரும் கையை எடுக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த பெட்டிக்குப் போகிற அவசரத்தில், சொல் வருவதற்குள் உடம்பு பாதி திரும்பியிருக்கும். ஊன்றிய காலிலேயே திரும்புவார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான்.

அன்று நீலாவதியும் அப்படித்தான் திரும்பினாள். வாசலில் கொட்டிக் கிடந்த ஈரமண்ணில் இடது பாதம் பதிந்து நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது.

அவள் கத்தவில்லை. பெட்டிதான் சத்தம் போட்டது. உடைந்து, கேரியர்கள் வாசல் முழுக்கச் சிதறின. அவள் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். புடவைக்கு மேலேயே தெரிந்தது. முட்டி இருக்க வேண்டிய இடம் பள்ளமாகவும், அதற்கு வெளிப்பக்கத்தில் ஒரு கொழுக்கட்டை அளவுக்கு மேடாகவும் இருந்தது.

"முட்டிச் சில்லு போயிடுச்சி," என்றார் சக்கரபாணி. வெளியே வந்து அவள் குதிகாலை ஒரு கையில் தாங்கினார். "பல்லக் கடிச்சிக்க புள்ள." மெதுவாகக் காலை நீட்டினார். பாதி நீட்டியதும் சில்லு தானாகவே நழுவி இடத்துக்கு வந்தது. சுற்றி நின்றவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

"பெட்டி ஒடஞ்சிடுச்சா?" என்று கேட்டாள் நீலாவதி. பன்னிரண்டு வருஷத்தில் அவள் கீழே போட்ட முதல் பெட்டி அது.

சாயங்காலத்துக்குள் முட்டி பனங்காயாக வீங்கியது. மறுநாள் மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் அழுத்திப் பார்த்தார். எலும்பு உடையவில்லை என்றார். துணிக்கட்டுப் போட்டார்.

"மூணு வாரம் கால ஊன வேணாம். அதுக்கு மேல கட்டி வெக்கக் கூடாது. மூணு வாரம் கழிச்சிக் கூட்டிக்கிட்டு வாங்க, கால ஆட்டச் சொல்லித் தரணும்."

வண்டியில் திரும்பி வரும்போது விருத்தகிரி அந்தத் துணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு குழிக்கும் அது நெகிழ்ந்தது.

"இது என்னாத்துக்கு ஆவும்? பொங்கப் பானைக்கு மஞ்சக்கொத்து கட்டின மாதிரி இருக்குது."

"டாக்டரு கட்டினதுய்யா."

"டாக்டருக்கு பிளாஸ்டரு கெடைக்கல. எனக்குக் கெடைக்கும்."

மறுநாள் மத்தியானம் பட்டறையில் கேட்டு அரை மூட்டை பிளாஸ்டர் கொண்டுவந்தான். வாசலில் வேப்பமர நிழலில் பலகை போட்டு அவளைப் படுக்கவைத்தான். தேங்காயெண்ணெய் பூசினான். பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினான். மூங்கில் சிம்பு நான்கு வைத்தான். இடுப்புக்கு ஒரு சாண் கீழிருந்து கணுக்கால் வரை பிளாஸ்டரை வழித்து வழித்துப் பூசினான். ஜாடி அச்சுக்கு எவ்வளவு கனம் வைப்பானோ அதே கனம்.

"சுடுதுய்யா."

"சுடும். சூடு வந்தாத்தான் இறுவுதுன்னு அர்த்தம்."

"தோலு வெந்துடப் போவுது."

"வேவாது. நான் என்னா சூளையா போடறன்?"

கூட வேலை செய்யும் பெண்கள் சாயங்காலம் பார்க்க வந்தார்கள். பக்கத்து வீட்டு ராஜம்மாள் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

"கிணுங்குது மாமா. மேல ஒரு பூச்சு பூசி வேவ வெச்சா அக்காவ கண்ணாடி அலமாரியில நிக்க வெச்சிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நீலாவதியும் சிரித்தாள். விரிசலே இல்லாத வேலை. விருத்தகிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

அது பிள்ளை இல்லாத வீடு. அந்த வைகாசியிலும் ஆனியிலும் அவன்தான் தண்ணீர் பிடித்தான், களி கிண்டினான், கருவாட்டுக் குழம்பு வைத்தான். அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். தலை வாரிப் பின்னினான். பின்னல் கோணலாக வந்தது. "ஆம்பள பின்னின சடை போவுது பாரு," என்று ராஜம்மாள் வேலியிலிருந்து சொல்வாள். அவன் காதில் வாங்கவில்லை. அவள் கால் தரையில் படக் கூடாது என்பது மட்டும்தான் அவனுக்கு.

மூன்று வாரம் முடிந்தது.

"டாக்டரு வரச் சொன்னாரே," என்றாள்.

"மூணு வாரம்ன்றது அந்தத் துணிக்கட்டுக்கு. இது பிளாஸ்டரு. ஈரம் காயறதுக்குள்ள அச்ச எடுத்தா ஜாடி தொங்கிடும். ஒரு தடவ தொங்கினா தொங்கினதுதான். இன்னும் ரெண்டு மூணு வாரம் கெடக்கட்டும்."

ஆறாவது வாரம் ஒரு நாள் அவள் சொன்னாள்: "உள்ள காலு ஆடுதுய்யா."

தொடையில் பிளாஸ்டர் முடிகிற இடத்தில் விரலை விட்டுப் பார்த்தான். ஒரு விரல் போயிற்று.

"வீக்கம் வத்தியிருக்குது. நல்லதுதான்." வேட்டித் துணியைச் சுருட்டி இடைவெளியில் திணித்தான். "இப்ப ஆடுதா?"

"ஆடல."

ஒன்பதாவது வாரம் இரண்டு விரல் போயிற்று. இன்னும் கொஞ்சம் துணி திணித்தான்.

ஆடிப்பெருக்கு நல்ல நாள் என்று அன்றைக்குப் பிரித்தான். ரம்பத் தகட்டால் இரண்டு பக்கமும் கோடு போட்டு அறுத்தான். உளியை வைத்து ஒரு தட்டு. அச்சு திறப்பதுபோல மேல் பாதி அலுங்காமல் வந்தது. துணிச் சுருளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். ஒரு முறம் நிறைய வந்தது.

நீலாவதி எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. முட்டி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதற்குமேல் தொடை இல்லை. வயதுக்கு வராத பெண்ணின் தொடை ஒன்று இருந்தது. பக்கத்தில் பன்னிரண்டு வருஷம் பெட்டி சுமந்த வலது தொடை.

"இது யாரு காலு?" என்றாள்.

விருத்தகிரி கையில் இருந்த பிளாஸ்டர் பாதியைத் திருப்பினான். உள்பக்கம் வழவழப்பாக இருந்தது. அவளுடைய பழைய தொடை அதில் அப்படியே பதிந்திருந்தது.

முட்டி மடங்கவே ஒரு வாரம் ஆயிற்று. சுவரைப் பிடித்து நின்றாள். பத்தாம் நாள், விடியற்காலையில், குழாயடிக்கு ராஜம்மாளோடு நடந்து போனாள். கையில் குடம்கூட இல்லை. ஒரு சாண் உயரக் கல் மேடையிலிருந்து இறங்கினாள். இறங்குகிற காலைத் தொடை தாங்கவில்லை. முட்டி மடிந்தது. சில்லு மறுபடியும் வெளியே போயிற்று.

இந்த முறை அவளே காலை நீட்டி, அவளே உள்ளங்கையால் தள்ளினாள். குழாயடியில் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமாவக் கூப்பிடட்டுமாக்கா?" என்றாள் ராஜம்மாள்.

"வேணாம்."

கடலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து புதுச்சேரிக்கு ஒரு பஸ். பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் வயதானவர். படம் எடுத்துப் பார்த்தார். இரண்டு தொடையையும் நாடாவால் அளந்தார்.

"கட்டு யார் போட்டது?"

"நான்தாங்க," என்றான் விருத்தகிரி.

"எத்தனை நாள்?"

"பதிமூணு வாரம்ங்க."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலாம். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து அடுத்த அறைக்கு அனுப்பினார்.

அங்கே ஜெயராஜ் என்பவர் இருந்தார். கால் கைக்குப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. பண்ருட்டிக்காரர். நீலாவதியை மேஜையில் உட்காரவைத்து, முட்டிச் சில்லை இரண்டு விரலால் பிடித்து அசைத்துக் காட்டினார்.

"இந்தச் சில்லு எதுலயும் பொருத்தி வெக்கல பாருங்க. தனியா கெடக்குது. தொடைச் சதை மேலேர்ந்து வந்து இதப் புடிச்சிக்கிட்டு கீழ எறங்குது. அந்தப் புடிதான் எல்லாமே." முட்டிக்குச் சற்று மேலே, தொடையின் உள்பக்கம் ஒரு இடத்தைத் தொட்டார். "இங்க ஒரு சதை இருக்குது. வெளிய ஓடப் பாக்கற சில்ல உள்ள இழுக்கறது இதுதான். சில்லு வெலகினப்ப இதுக்குத்தான் அடி. வலி வந்ததும் இது வேலைய நிறுத்திடும். கொஞ்ச நாள்ல திருப்பி எழுப்பிடணும். நீங்க பதிமூணு வாரம் தூங்க வெச்சிட்டீங்க."

"எலும்பு கூடட்டும்னுதாங்க..." என்றான் விருத்தகிரி.

"எலும்பு ஒடையவே இல்லியே." ஜெயராஜ் அவளிடம் கேட்டார்: "கட்டு நடுவுல லூஸாவலியாம்மா?"

"ஆச்சிங்க," என்றாள் நீலாவதி. "துணி வெச்சி அடைச்சாரு."

முட்டிக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தார். "இந்தத் துண்ட முட்டியால கீழ அழுத்துங்க. தொடைய இறுக்குங்க."

அவள் அழுத்தினாள். நெற்றி வியர்த்தது. பல்லைக் கடித்தாள். வலது தொடை இறுகியது. கழுத்து இறுகியது. ஜெயராஜின் விரலுக்குக் கீழே ஒன்றும் நடக்கவில்லை.

"அழுத்துங்கம்மா."

"அழுத்தறேன்ங்க."

"இது பலம் இல்லாததால இல்ல. மறந்துபோச்சி. தெனம் காலையில அம்பது தடவ, சாயங்காலம் அம்பது தடவ. வூட்ல ஒருத்தரு இந்த எடத்துல விரல வெச்சிப் பாக்கணும். துடிக்குதா இல்லியான்னு உண்மையச் சொல்லணும். துடிக்க ஆரம்பிச்சப்புறம்தான் மத்ததெல்லாம். அது வரைக்கும் குந்தி ஒக்காராதீங்க."

திரும்பும் பஸ் நெல்லிக்குப்பம் தாண்டியது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"அச்சுல மண்ணு வெலகி எடவெளி வுட்டா என்னா பண்ணுவ?"

விருத்தகிரி டிக்கெட்டை விரலில் சுருட்டினான்.

"சொல்லுய்யா."

"எடுத்துடுவேன்."

"எடுக்காம வெச்சிருந்தா?"

"வெடிச்சிடும்."

"என் காலு வெலகினப்ப துணியத் திணிச்ச."

அவன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அந்த இடைவெளி, பதினெட்டு வருஷமாக அவன் பார்த்துவரும் அடையாளம். மண்கூழை அச்சில் ஊற்றினால் பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சும், மண் சுருங்கும், சுற்றிலும் மயிரிழை அளவுக்கு இடைவெளி விழும். அது விழுந்த உடனே எடுத்துவிட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டர் பாதிகளை எடுத்து உடைக்கப் போனான்.

"வெய்யி அத," என்றாள். "என் காலு அதுலதான் இருக்குது."

அதன் பிறகு அவனிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். விரல் வைத்துப் பார்க்க அவனை விடவில்லை. வேலைக்குப் போகுமுன் ராஜம்மாள் வந்து வைத்தாள்.

ஆவணிக் கடைசியில் சக்கரபாணி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலில் நின்றபடியே பேசினார்.

"சூளை வாசலுக்கு கருவேப்பிலங்குறிச்சியிலேர்ந்து ஒரு பொண்ணு வருது. தை வரைக்கும்தான்னு சொல்லி வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது புள்ள. ஆபீஸ்ல கேக்கறாங்க."

"வர்றேங்க தையில."

"இல்லாட்டியும் ஒண்ணுமில்ல. கேரியருக்கு வெளிம்பு தேய்க்கற வேல இருக்குது. நெழல்ல குந்திக்கிட்டே பாக்கலாம்."

"குந்தறதுதாங்க ஆவாது," என்றாள் நீலாவதி. "நிக்கற வேலைதான் ஆவும். சூளை வாசல் இல்லன்னா எனக்குப் பட்டறையே இல்ல."

சக்கரபாணி தரையைப் பார்த்தார். "அன்னைக்கு வாசல்ல மண்ணு கெடந்திச்சி. நான் கூட்டச் சொல்லியிருக்கணும்."

புரட்டாசி வந்தது. தினமும் ராஜம்மாள் விரல் வைப்பாள்.

"துடிக்குதா?"

"துடிக்குதுக்கா. லேசா."

ஒரு வாரம் அப்படியே போயிற்று. ஒரு நாள் நீலாவதி காலை அழுத்தாமலே கேட்டாள்: "துடிக்குதா?"

"துடிக்குதுக்கா."

"நான் அழுத்தவே இல்லடி."

ராஜம்மாள் விரலை எடுத்துக்கொண்டாள். "நீ என் மூஞ்சிய அப்படிப் பாக்கறப்ப எனக்கு இல்லன்னு சொல்ல வாய் வரல," என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே வேலைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் விருத்தகிரி பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவினான். அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டிக்கு அடியில் துண்டு இருந்தது.

"இங்க வா. வெய்யி."

அவன் குனிந்து விரலை வைத்தான். பிளாஸ்டர் தின்று வெடித்த விரல். அந்த இடம் சில்லென்று இருந்தது.

"பொய் சொன்னீன்னா மங்கலம்பேட்டைக்கு எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

அவள் அழுத்தினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிளாஸ்டர் இறுகுகிறதா என்று பார்க்கும்போதும் கண்ணை மூடிக்கொள்வதுதான் வழக்கம்.

"இல்ல," என்றான்.

"இன்னொரு தடவ."

"இல்ல."

ஐம்பது தடவை இல்லை என்றான். மறுநாள் காலை ஐம்பது, சாயங்காலம் ஐம்பது. ஒவ்வொரு முறையும் அந்த ஒரு சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான். அவளும் கோபப்படவில்லை. இல்லை என்று கேட்டதும் மூச்சு விட்டு மறுபடி அழுத்தினாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்தது. பட்டறையில் எதுவும் காயவில்லை; இரண்டு நாள் லீவு விட்டார்கள். கூரை ஒழுகிய இடத்தில் குண்டான் வைத்திருந்தார்கள். அவன் விரலை வைத்திருந்தான். முப்பதுக்கு மேல் ஏதோ ஒரு தடவை.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னாய்யா?"

"இரு. இன்னொரு தடவ அழுத்து."

அழுத்தினாள்.

"இருக்குது," என்றான். "தூண்டிலு மீனு தொட்டாப்பல."

"நெசமா?"

"ஒனக்குத் தெரியல?"

"தெரியல. நீதான் சொல்லணும்."

"இருக்குது நீலா."

அவள் அவன் விரலை எடுத்துவிட்டுத் தன் விரலை அங்கே வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். குண்டானில் தண்ணீர் சொட்டியது.

அதற்குப் பிறகு வேலை இருந்தது. காலை நீட்டியபடியே ஒரு சாண் தூக்கி, பத்து எண்ணி இறக்க வேண்டும். மாதம் ஒரு முறை ஜெயராஜிடம் போனார்கள். கணுக்காலில் கனம் கட்டித் தூக்கச் சொன்னார். விருத்தகிரி கித்தானில் பை தைத்து பீங்கான் மண்ணில் கலக்கும் வெள்ளைக்கல் மாவு நிரப்பினான். பையை அவள் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டான்.

"கட்டட்டுமா?"

"எவ்வளவு கனம்?"

"அரைக் கிலோ. அவரு சொன்னது. ஒரு பிடி கூட அதிகம் போடல."

"கட்டு."

கார்த்திகையில் ஒரு கிலோ, மார்கழியில் இரண்டு. காலையில் பனியில் ராஜம்மாள் கோலம் போட்டுக்கொண்டே வேலிக்கு மேலாக எண்ணுவாள். "எட்டு... ஒம்போது... அக்கா, பத்து சொல்றதுக்குள்ள எறக்கிட்ட. மாமா பாக்கலன்னு ஏமாத்தற." கல்படியில் ஏறி இறங்கினாள். இறங்குவதுதான் கஷ்டம். குழாயடி மேடைக்கு அவள் மார்கழிப் பாதியில்தான் போனாள். இறங்கி நின்றாள். சில்லு அதன் இடத்திலேயே இருந்தது.

மாதக் கடைசியில் பிளாஸ்டர் பாதியைத் தரையில் வைத்து அதற்குள் காலை வைப்பாள். அவன் இடைவெளியில் விரலை விடுவான். கார்த்திகையில் இரண்டு விரல். மார்கழியில் ஒன்றரை. பொங்கல் முடிந்து பார்த்தபோது ஒரு விரல்.

"அது நெறையாது," என்று ஜெயராஜ் முன்னமே சொல்லியிருந்தார். "பழைய தொடை வராது. சில்ல புடிச்சிக்கிட்டா போதும். ஒண்ணே ஒண்ணு. ஊனின கால்ல திரும்பாதீங்க. கால எடுத்து வெச்சிட்டு அப்புறம் ஒடம்பத் திருப்புங்க. எப்பவுமே."

தை பதினெட்டாம் தேதி சூளை அடுக்கினார்கள். வாசலைச் சக்கரபாணியே துடைப்பம் எடுத்துக் கூட்டினார். "என்னா மேஸ்திரி, பொண்ணு பாக்க வராங்களா?" என்று யாரோ கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் கூட்டினார். கருவேப்பிலங்குறிச்சிப் பெண்ணும் வந்திருந்தாள். நீலாவதி ஒரு பெட்டியைக் கீழே போட்டால் அந்த இடம் அவளுக்கு. அது எல்லோருக்கும் தெரியும்.

விருத்தகிரி அச்சு அறையில் இருந்தான். அங்கிருந்து சூளை தெரியாது. குரல் மட்டும் கேட்கும்.

"வருது." அது ராஜம்மாள்.

"வுடு."

"வருது." வேறு யாரோ.

"வுடு."

"வருது."

அவன் கை நின்றது. மற்றவர்களுக்கு ஒரு மூச்சு நேரத்தில் வரும் பதில் இதற்கு வரவில்லை. பிளாஸ்டர் வாளியில் இறுகத் தொடங்கியது. அவன் கலக்கவில்லை.

"வுடு," என்றார் சக்கரபாணி.

பிறகு அவள் குரல் வரும்போதெல்லாம் கை நின்றது. அந்த வாளி பிளாஸ்டர் முழுக்கப் பாழாயிற்று. அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு வாளி பாழானதில்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் நீலாவதி அச்சு அறைக்கு வந்தாள். தலையிலும் புருவத்திலும் மண்தூசி. முக்காலியில் உட்கார்ந்து இடது காலை நீட்டினாள். சாப்பாட்டுத் தூக்கை அவன் திறக்கப் போனான்.

"மொதல்ல இத வெய்யி."

புடவைக்கு மேலாக அந்த இடத்தில் விரலை வைத்தான். கண்ணை மூடினான்.

"துடிக்குதா?"

"நடுங்குது," என்றான்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

"நான் அழுத்தறேன். இப்ப பாரு."

நடுக்கத்துக்கு அடியில் சதை எழுந்து அவன் விரலைத் தள்ளியது.

"புடிக்குதா?"

"புடிக்குது."

"இன்னும் பாதி சூளை இருக்குது."

"இருக்குது," என்றான். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பழைய சோற்றை இருவரும் ஒரே தூக்கிலிருந்து சாப்பிட்டார்கள். சுண்ட வைத்த குழம்பு. அவள் கையைக் கழுவி, சும்மாட்டுத் துணியை உதறிச் சுருட்டினாள். கதவுவரை போனவள் ஏதோ நினைவு வந்து நின்றாள். இடது காலைத் தூக்கி வைத்து, பிறகு அவன் பக்கம் உடம்பைத் திருப்பினாள்.

"வூட்ல கெடக்கற அந்தக் காலு அச்ச இன்னைக்கு ஒடச்சிடு," என்றாள்.